எங்கள் அம்மாக்களுக்குச் சேமிக்கக் கற்றுத்தராதீர்கள்

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் ஒரு கணக்கு ஊரெங்கும் சுற்ற ஆரம்பித்துவிடும். "உங்கள் பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு எவ்வளவு சேமித்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கும் காணொளிகள், காப்பீட்டு விளம்பரங்கள், மியூச்சுவல் ஃபண்ட் ஆலோசனைகள். இன்று 10 லட்சம் ரூபாய் ஆகும் படிப்பு, ஆண்டுக்கு 10 சதவீதம் விலையேறினால் 15 ஆண்டுகளில் 40 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆகவே பிள்ளைக்கு மூன்று வயதாகும்போதே மாதம் 8,000 ரூபாய் போட ஆரம்பியுங்கள். 12 சதவீதம் வளர்ந்தால் 40 லட்சம் தயார் என்பார்கள். போடாதவர்கள் பொறுப்பில்லாத பெற்றோர்கள்.

கூட்டல் பெருக்கலில் பிழையில்லை. மாதம் 8,000 என்றால் ஆண்டுக்கு 96,000. தமிழ்நாட்டில் 2025-26இல் நூறு நாள் வேலையின் தினக்கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, கூலி பாக்கியில்லாமல் வந்து, அதில் ஒரு ரூபாயைக்கூட அரிசிக்கும் மாத்திரைக்கும் எடுக்காமல் அப்படியே கொண்டுபோய்ப் போட்டாலும் 33,600 ரூபாய்தான். விளம்பரம் கேட்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும். இந்தக் கணக்கைப் போட்டவர்களுக்கு எங்கள் தெருவில் பிள்ளைகள் இருப்பதே தெரியாது.

தெரியாமல் இருந்தாலும் பரவாயில்லை. தெரிந்தவர்கள் சொல்வது அதைவிட மோசம். "உங்க ஆளுங்களுக்குச் சேமிக்கத் தெரியாதுப்பா. கையில காசு வந்தா குடி, திருவிழா, கல்யாணம்." என்னோடு வேலை செய்கிறவர்கள் இதை என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள், அக்கறையோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு. எந்தச் சேரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். சீட்டு கட்டாத பெண் இருக்கிறாரா? சுயஉதவிக் குழுவில் சேராத வீடு இருக்கிறதா? ஆட்டுக்குட்டி வாங்கி வளர்ப்பதும், கால் பவுன் தோடு எடுத்து வைப்பதும் எதற்காக? அரிசி டப்பாவுக்குள் நூறு ரூபாய்த் தாளை மடித்து வைக்கிறவருக்குச் சிக்கனம் பற்றி வகுப்பு எடுக்க யாருக்கும் அருகதை இல்லை. அந்தப் பணம் தங்காமல் போவதற்குக் காரணம் ஒரு காய்ச்சல், ஒரு விபத்து, ஒரு மழை மாதம். விழுந்தால் தாங்கிக்கொள்ள நிலமோ வீடோ இல்லாத குடும்பத்தில் சேமிப்புதான் முதலில் கரையும்.

நிலம் ஏன் இல்லை என்பதற்கும் வரலாறு இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்று நாம் பேசுவது அதைத்தான். அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். இந்தியாவின் மொத்தச் சொத்தில் பட்டியல் சாதியினரிடம் இருப்பது சுமார் 7.6 சதவீதம் என்றும், இந்து உயர்சாதியினரிடம் இருப்பது சுமார் 41 சதவீதம் என்றும் 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. "அப்பா என் படிப்புக்காகச் சேமித்தார்" என்று ஒரு நண்பர் பெருமையாகச் சொல்லும்போது, தாத்தா விட்டுப்போன வீட்டில் வாடகையில்லாமல் இருந்ததால்தான் அந்த அப்பாவால் சேமிக்க முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது முழுக்கதை.

சரி, பிள்ளையின் படிப்புக்குப் பெற்றோர்தான் சேமிக்க வேண்டும் என்ற விதி இந்த மண்ணில் எல்லோருக்கும் இருந்ததா? விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்ற ஊர் இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே இயங்கிய வேதக் கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். மாணவர்களுக்குத் தினமும் நெல் அளக்கப்பட்டது. மேல்நிலையில் படித்த 70 பேருக்கு, கீழ்நிலையில் படித்த 270 பேரைவிடக் கூடுதல் நெல். இதற்கெல்லாம் 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. அதாவது, கட்டணமில்லாக் கல்வியும் பராமரிப்புப் படியும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்தன. வேதம் படிக்க வந்த பார்ப்பனப் பிள்ளையின் தகப்பனைப் பார்த்து "எவ்வளவு சேமித்து வைத்திருக்கிறாய்?" என்று சோழன் கேட்கவில்லை. அந்த 45 வேலியில் சேற்றில் இறங்கி நெல் விளைவித்தவர்களின் பிள்ளைகள் அந்தத் திண்ணையை மிதித்திருக்க முடியுமா? இன்று அதே பிள்ளைகள் படிக்க வரும்போது மட்டும் கல்வி தனிமனிதப் பொறுப்பு, பெற்றோரின் முதலீடு என்று புதுப் பாடம் நடத்துகிறார்கள்.

"அம்பேத்கரே சேமித்துத்தானே லண்டன் போனார்?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். ஆமாம், சேமித்தார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வாங்கிய சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். அது போதவில்லை. கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடனும் சேர்ந்துதான் 1920இல் அவரை லண்டனுக்கு அனுப்பின. அதற்கு முன் 1913இல் கொலம்பியாவுக்குப் போனது பரோடா அரசின் உதவித்தொகையில். இவ்வளவு பாடுபட்டுப் படித்தவர், அதிகாரத்துக்கு வந்ததும் தன் மக்களைப் பார்த்து "என்னைப் போலச் சேமியுங்கள்" என்று சொல்லவில்லை. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, ஒடுக்கப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு பணம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று வாதாடினார். 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அப்படி வந்ததுதான். நமக்கு அவர் விட்டுச்சென்ற பாடம் இந்தப் பிற்பகுதியில் இருக்கிறது.

அந்த உதவித்தொகை இன்று எந்த லட்சணத்தில் வந்து சேர்கிறது என்பதை என் வீட்டுக் கணக்கிலிருந்தே சொல்கிறேன். கவுன்சிலிங் மூலம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. தனியார் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற 2012ஆம் ஆண்டின் அரசாணை 92 அப்போது நடைமுறையில் இருந்தது. கல்லூரி அலுவலகத்தில் அதைச் சொன்னேன். "ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தந்துடுவோம். இப்போ கட்டுங்க. கட்டலைன்னா ஹால் டிக்கெட் கிடையாது" என்றார்கள். அம்மா நூற்றுக்கு ஐந்து வட்டியில் 40,000 ரூபாய் வாங்கிக் கட்டினார். உதவித்தொகை 14 மாதம் கழித்து வந்தது. மாதம் 2,000 வீதம் 28,000 ரூபாய் வட்டி. அதை அடைக்க, ஈன்று இரண்டு மாதமே ஆன பசுவை விற்றார். அரசுப் பதிவேட்டில் அந்த ஆண்டு நான் இலவசமாகப் படித்தவன். அந்தப் பதிவேட்டில் பசு இல்லை.

எங்கள் வீடுகளில் "படிப்புக்கான சேமிப்பு" என்பதன் பொருள் இதுதான். அரசு எங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, அரசு தரும் வரை, நாங்களே முன்பணமாகப் போட வேண்டும். அதற்கு வட்டியும் கட்ட வேண்டும்.

இது என் காலத்தோடு முடிந்துபோன கதையும் இல்லை. ஒன்றிய அரசு தன் பங்கைச் சுருக்கிக்கொண்டே போய், மாநிலங்கள் மூச்சுத் திணறிய பிறகு, 2020 டிசம்பரில்தான் 60:40 என்ற பங்கீட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என்று தலைப்புச் செய்தி வந்தது. பணம் நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகும் என்றார்கள். நல்லது. கல்லூரி கட்டணம் கேட்பது சேர்க்கையின்போது. கணக்கில் பணம் விழுவது பல மாதங்கள் கழித்து. இடையிலுள்ள பள்ளத்தில் பாலம் போடுவது யார்? தோடும் பசுவும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனும்தான்.

பாலம் போட முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுல் குமாரைப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்து தலித் மாணவர். அப்பா தினக்கூலித் தொழிலாளி. 2024இல் ஐஐடி நுழைவுத் தேர்வில் தேறி, தன்பாத் ஐஐடியில் இடம் பெற்றார். இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஜூன் 24 மாலை 5 மணி கெடு. ஊராரிடம் திரட்டிப் பணம் கைக்கு வருவதற்குள் நேரம் முடிந்து இணையதளம் மூடிக்கொண்டது. சென்னை உயர்நீதிமன்றம் வரை அலைந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று தனது சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அந்த இடத்தை மீட்டுக் கொடுத்தது. நீதிமன்றத்தை எல்லோரும் பாராட்டினோம். நாட்டின் மிகக் கடினமான தேர்வுகளில் ஒன்றில் தேறியவரை வெளியே நிறுத்த 17,500 ரூபாய் போதுமானதாக இருந்தது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். டெல்லி வரை போக முடியாதவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியவே போவதில்லை.

இனி, யார் ஏழை என்று அரசு முடிவு செய்யும் விதத்தைப் பாருங்கள். பட்டியல் சாதி மாணவருக்கு ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்க, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. மாதம் 11,000 ரூபாய் வாங்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களான கணவனும் மனைவியும் ஆண்டுக்கு 2.64 லட்சம் சம்பாதிக்கிறார்கள். அவர்கள் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை. 2019இல் கொண்டுவந்த 10 சதவீத ஒதுக்கீட்டில், 8 லட்சத்துக்குக் கீழே வருமானம் இருந்தால் உயர்சாதிக் குடும்பம் "பொருளாதாரத்தில் நலிவுற்றது". ஒன்று உதவித்தொகை, மற்றொன்று இடஒதுக்கீடு என்று பிரித்துப் பேசுவார்கள். இரண்டிலும் அரசு அளப்பது வறுமையைத்தான். மாதம் 22,000 வாங்கும் தூய்மைப் பணியாளர் குடும்பத்தை வசதியானது என்றும், மாதம் 66,000 வாங்கும் குடும்பத்தை நலிந்தது என்றும் காட்டும் அளவுகோலுக்கு வேறு பெயர் கிடையாது. அது சாதி.

சேமிக்க முடிந்தவர்களுக்கு அரசு தரும் பரிசையும் கவனியுங்கள். பெண் குழந்தைக்கான சுகன்யா சம்ரிதி கணக்கில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டி, அந்த வட்டிக்கு வரி இல்லை, போட்ட பணத்துக்குப் பழைய வரிமுறையில் விலக்கும் உண்டு. ஒன்றரை லட்சம் போட முடிந்தவருக்கு அதற்கேற்ற சலுகை. குறைந்தபட்சமான 250 ரூபாயைப் போடுகிறவருக்கு 250க்கு ஏற்ற வட்டி. கட்டணம் கட்ட மைக்ரோ ஃபைனான்ஸில் கடன் வாங்கும் தாயோ 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்கிறார். வரிவிலக்கை யாரும் "இலவசம்" என்று கேலி செய்வதில்லை. எங்கள் உதவித்தொகைக்கு மட்டும் அந்தப் பெயர்.

"அப்படியென்றால் சேமிக்கவே கூடாதா?" சேமியுங்கள். உங்கள் முதுமைக்கு, மருத்துவத்துக்கு, பிள்ளைக்குப் பேருந்துக் கட்டணம், விடுதியில் ஒரு நல்ல சாப்பாடு, பழைய மடிக்கணினி ஒன்று, இவற்றுக்குச் சேமியுங்கள். முதல் தலைமுறையாக வேலைக்கு வந்திருக்கும் தோழர்கள் தங்கள் பிள்ளைக்கு மாதம் ஆயிரமோ ஐந்தாயிரமோ ஒதுக்கினால் அதில் தவறு காண நான் யார்? ஆனால் கல்லூரிக் கட்டணம் என்பது பெற்றோரின் கடமை என்று மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாம் ஒப்புக்கொள்ளும் அந்த நொடியில், தரவேண்டியதைத் தராத அரசு தப்பித்துவிடும். வட்டிக்கு வாங்கிய அம்மா குற்றவாளி ஆகிவிடுவார்.

அரசால் முடியாது என்பதும் பொய். தமிழ்நாட்டில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் 2021இலிருந்து மாநில அரசே ஏற்கிறது. மனமிருந்தால் அரசாணையும் வரும், பணமும் வரும்.

அதனால் நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள மாணவரிடம் சேர்க்கையின்போது எந்தக் கல்லூரியும் ஒரு ரூபாய்கூடக் கேட்கக்கூடாது. கேட்டால் கல்லூரியின் அனுமதியில் கைவைக்க வேண்டும். வருமான வரம்பை 2.5 லட்சத்திலிருந்து 8 லட்சமாக உயர்த்த வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் அரசு வட்டி கொடுக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து வேண்டாம், அரசு தன் சொந்தக் கடனுக்குக் கொடுக்கிற வட்டியைக் கொடுத்தாலே போதும். தனியார் கல்லூரிகளில் இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் 93ஆவது திருத்தம் 2005இலேயே நிறைவேறிவிட்டது. அதற்கான ஒன்றியச் சட்டத்தை இனியாவது இயற்ற வேண்டும்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு உடனே செய்ய ஒரு வேலை இருக்கிறது. சேர்க்கைக் காலத்தில் உங்கள் தெருவில், உங்கள் ஊர்க் காலனியில், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு என எது இல்லை என்று பார்த்து முடித்துக் கொடுங்கள். "இப்போ கட்டுங்க, அப்புறம் தர்றோம்" என்று கல்லூரி சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் நான்கு பேராகப் போய்க் கேளுங்கள். நான் போன அன்று அம்மாவும் நானும் மட்டும்தான் போனோம்.