தரையைப் பார்த்துக் கூடாரம் வாங்குங்கள்

ஆயுத பூஜை, பொங்கல் என்று நாலு நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் போதும், பெங்களூருவாழ் தமிழ்க் குடும்பங்கள் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம், ஒகளிபுரம் என்று எந்தப் பகுதியானாலும் இதே காட்சிதான். தர்மஸ்தலா, குக்கே சுப்பிரமணியா, ஹொரநாடு என்று கோயில் வழியாகச் சுற்றுவோர் உண்டு. குடகு, சிக்கமகளூரு என்று மலை பார்க்கப் போவோரும் உண்டு. விடுமுறை நாளில் லாட்ஜ் அறை கிடைப்பதில்லை; கிடைத்தாலும் வாடகை இரட்டிப்பாகிறது. எனவே வண்டியிலேயே ஒரு கூடாரத்தைப் போட்டுக்கொண்டு போய், வண்டிக்குப் பக்கத்திலேயே அடித்துத் தங்கும் பழக்கம் நம்மவரிடையே வளர்ந்து வருகிறது. இது வரவேற்கத் தக்கதே. மாட்டு வண்டி கட்டிப் போன காலத்தில் நமது முன்னோர் வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தவர்கள்தாம்.

ஆனால் கூடாரம் வாங்கும் விஷயத்தில் நம்மவர் செய்வது சரியா என்பதுதான் கேள்வி. கடையில் போய், "எத்தனை பேர் படுக்கலாம்? என்ன விலை?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாங்கி வருகிறார்கள். மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். "எந்தத் தரையில் அடிக்கப் போகிறோம்?" என்பதே அது.

ரயில்வே சரக்குக் கொட்டகையில் குமாஸ்தாவாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். மூட்டைகளை நனைப்பது மேலிருந்து விழும் மழை மட்டுமல்ல. மேலே தார்ப்பாய் இருக்கும்; ஆனால் தரையில் ஓடி வரும் தண்ணீர் அடி மூட்டையைப் பிடித்துவிடும். அதனால்தான் மூட்டை அடுக்குவதற்கு முன்பே கீழே மரச்சட்டங்களைப் போடுகிறார்கள். வடஇந்தியாவில் கோதுமையைத் திறந்தவெளியில் சேமிக்கும் முறையிலும் முதலில் மேடை, அதன்மேல் சட்டம், பிறகே மூட்டை, கடைசியில் உறை. நெல்லுக்கும் சிமெண்டுக்கும் நாம் காட்டும் இந்த ஜாக்கிரதையைப் பெண்டு பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா?

வண்டியின் கூரையா, தரையா?

இப்போது காரின் கூரைமேலேயே விரியும் கூடாரங்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஏணி வைத்து ஏறிப் படுக்க வேண்டும். அதில் சௌகரியங்கள் இல்லை என்று சொல்லமாட்டேன். தரை ஈரம் தொடாது. பாம்பு, தேள் பயம் குறைவு. ஐந்து பத்து நிமிடத்தில் விரித்துவிடலாம். ஆயினும் நமது குடும்பங்களுக்கு அது ஒத்துவராது என்பதே என் கருத்து.

முதலாவது, விலை. நல்ல கூரைக் கூடாரம் ஒரு லட்சம் ரூபாயை எட்டுகிறது. தரைக் கூடாரம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். இரண்டாவது, எடை. கூரைக் கூடாரங்களில் பல 50 கிலோவுக்கு மேல். சிறிய காரின் கூரை ஓடும்போது எவ்வளவு சுமை தாங்கும் என்பது காரோடு வரும் கையேட்டில் இருக்கும். அதைப் படிப்பவர் எத்தனை பேர்? உச்சியில் பாரம் ஏறினால் மலைப்பாதை வளைவில் வண்டி சாயும் இயல்பு கூடும். மூன்றாவது, வீட்டுப் பெரியவர்கள். மூட்டுவலி உள்ள பாட்டி நடுராத்திரியில் ஏணியில் இறங்க முடியுமா? நான்காவதுதான் முக்கியம். ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், கூடாரத்தை மடித்துக் கட்டிய பிறகுதான் வண்டியை எடுக்க முடியும். தரையில் அடித்திருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறக்கலாம். இதே காரணத்தால், தரைக் கூடாரத்தின் கயிற்றையும் வண்டியில் கட்டிவைக்கக் கூடாது. நிழலுக்குப் போடும் பந்தல் துணியை வேண்டுமானால் வண்டியோடு கட்டலாம். அதையும் படுக்கும்முன் அவிழ்த்துவிட வேண்டும்.

தரை நான்கு விதம்

நாம் சுற்றும் கர்நாடகத்தில் தரை ஒரே மாதிரி இல்லை.

பெங்களூருவைச் சுற்றியும் ராமநகரம், கோலார் பக்கமும் கருங்கல் பாறை. மேலே அரை அடி மண், அதற்குக் கீழே கல். இங்கே முளை இறங்காது. ஆகவே முளை அடிக்காமலேயே நிற்கக்கூடிய, இரண்டு கம்புகள் குறுக்காக வளைந்து தாங்கும் கவிழ்த்த கிண்ணம் போன்ற கூடாரம்தான் சரி. நீளமான சுரங்கம் போன்ற வடிவத்தில் விற்பது, இரு பக்கமும் முளையடித்து இழுத்துக் கட்டினால்தான் நிற்கும். அதைப் பாறையில் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியதுதான். கயிறுகளைப் பெரிய கற்களில் கட்டிக்கொள்ளலாம். கல் அடித்துணியைக் கிழிக்கும் என்பதால் கீழே கனமான விரிப்பு அவசியம்.

கோகர்ணம், முருடேஸ்வரம் போன்ற கடற்கரையில் மணல். கூடாரத்தோடு வரும் சாண் நீளக் கம்பி முளை மணலில் நிற்காது. காற்றடித்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். சாக்குப் பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்தால் அசையாது. உயரமான கூடாரம் இங்கே உதவாது. தாழ்வாக இருப்பதே கடற்காற்றைத் தாங்கும்.

மலைநாட்டில் ஈரச் செம்மண். பெங்களூருவில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 1000 மில்லிமீட்டர் மழை. ஆகும்பேயிலோ 7000 மில்லிமீட்டருக்கும் மேல். பெங்களூரு மழையை மனத்தில் வைத்து வாங்கிய கூடாரம் அங்கே எப்படித் தாங்கும்? மேல்துணி கூடாரத்தின் உச்சியை மட்டும் மூடாமல் தரைவரை இறங்க வேண்டும். செருப்பும் ஈரத்துணியும் வைக்க வாசலில் ஒரு தாழ்வாரம் இருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் கூடாரத்தோடு போகாமல் இருப்பதே உத்தமம்.

வடக்கே கதக், விஜயபுரா பக்கம் கரிசல். காய்ந்திருக்கும்போது முளையை இறுகப் பிடிக்கும். ஒரு மழை பெய்தால் களியாகி, முளையும் நெகிழும், வண்டிச் சக்கரமும் புதையும். அங்கே கூடாரத்தை எங்கே அடித்தாலும் வண்டியைக் கெட்டியான சாலை ஓரமாகவே நிறுத்துங்கள்.

எதற்குப் பணம் கொடுப்பது?

மலையேறுகிறவர் கூடாரத்தை முதுகில் சுமக்கிறார். அவருக்கு எடை குறையக் குறைய லாபம். அதற்காக அதிக விலை கொடுக்கிறார். நமக்குச் சுமப்பது வண்டி. நாலு கிலோ கூடினால் என்ன நஷ்டம்? ஆகவே எடைக் குறைவுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தைத் துணியிலும் தரையிலும் போடுங்கள்.

துணி எவ்வளவு நீர் தாங்கும் என்பதை மில்லிமீட்டரில் அச்சிட்டிருப்பார்கள். 1500 என்றால், துணிமேல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்று அர்த்தம். சாதாரண மழைக்கு மேல்துணி 1500 போதும்; மலைநாட்டுக்கு 3000 இருக்கட்டும். அடித்துணிக்கு இன்னும் கூடுதலாகத் தேவை. நாம் முழங்காலை ஊன்றும்போது ஈரத்தரையோடு துணி அழுந்தி நீர் உள்ளே வரும். தையல் வழியாகவும் நீர் இறங்கும். தையலின் உட்புறம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று கடையிலேயே விரித்துப் பாருங்கள்.

நைலான் நனைந்தால் தொய்யும்; பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் சற்று அதிகம் தாங்கும். கம்பு அலுமினியமானால் நல்லது. ஃபைபர் கிளாஸ் மலிவு, ஆனால் பிளந்து சிராய் ஏறும். ஒற்றைத் துணிக் கூடாரத்தில் மூச்சுக்காற்றின் ஈரமே உள்ளே நீர்த்துளியாகப் படியும். ஆகவே உள்துணி, மேல்துணி என்று இரண்டும், இடையில் காற்றோட்டமும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நாலு பேர் கூடாரம் என்று எழுதியிருந்தால் இரண்டு பெரியவரும் ஒரு குழந்தையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே விரிக்கும் தார்ப்பாயைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிதாக இருந்தால் நல்லதென்று கூடாரத்துக்கு வெளியே நீட்டி விரிக்கிறார்கள். மேல்துணியில் வழியும் மழைநீர் அந்த ஓரத்தில் விழுந்து, நேரே கூடாரத்துக்கு அடியில் ஓடும். விரிப்பு கூடாரத்தைவிட நாலு விரல் உள்ளடங்கியே இருக்க வேண்டும். எல்லாம் வாங்கியபின் மொட்டை மாடியில் ஒருமுறை கட்டி, பத்து வாளித் தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். கசிவு வீட்டிலேயே தெரிந்துவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

உயிரோடு விளையாடலாமா?

தண்ணீர்ப் பக்கம் என்றாலே நம்மவருக்கு ஆசை. ஆனால் ஆற்று மணல் ஆற்றுக்குச் சொந்தம். 2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தில் லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீர், பியாஸ் ஆற்றில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரைக் கொண்டுபோயிற்று. 2022 ஜூலை 8 அன்று அமர்நாத் குகை அருகே திடீர் வெள்ளம் யாத்ரீகர்களின் கூடாரங்களை அடித்துச் சென்றது. நமது காவிரிக்கும் மேலே அணை உண்டு என்பதை சங்கமத்திலும் மேகேதாட்டிலும் மறக்கலாகாது. சற்று மேடான, நீர் வழிந்தோடும் இடமே கூடாரத்துக்கு ஏற்றது.

காட்டு ஓரமும் அப்படியே. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி அருகே, ஒரு தங்கும் விடுதியின் கூடாரத்தில் தங்கிய பெண்மணி யானை தாக்கி இறந்தார். பந்திப்பூர் வழிச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. ஊட்டிக்குப் போகும் வேன்கள் விடியும்வரை காத்திருக்க நேர்கிறது. அப்போது காட்டோரம் கூடாரம் அடிக்காமல், ஊருக்குள், விளக்கு வெளிச்சத்தில் தங்குவதே விவேகம். வனத்துறை நிலத்தில் அனுமதியின்றித் தங்குவது குற்றமும் ஆகும்.

குளிருக்குக் கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கூடாரத்துக்குள் வைப்பது எமனை அழைப்பதற்குச் சமானம். அதில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். வண்டி இன்ஜினைக் கூடாரத்தின் பக்கத்தில் ஓடவிடுவதும் அதே ஆபத்துதான். இடி மின்னல் வந்தால் கூடாரத்தை விட்டு, வண்டிக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிக்கொள்ளுங்கள்.

அரசுக்கு ஒரு வார்த்தை

இவ்வளவும் நம் பொறுப்பு. அரசுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் நடத்தும் முகாம்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கூலிக்காரரும் குமாஸ்தாவும் குடும்பத்தோடு தங்கக் கட்டுப்படியாகும் கட்டணம் அல்ல. சொந்தக் கூடாரத்தோடு வருகிறவனுக்கு அறையோ சாப்பாடோ வேண்டாம். மேடான, சமமான தரை, சுற்றிலும் வடிகால், ஒரு குழாய், பெண்களுக்குக் கழிப்பறை, ஒரு விளக்கு, ஒரு காவலாள் இருந்தால் போதும். கோயில் தலங்களை ஒட்டியும் மலைப்பாதை தொடங்கும் ஊர்களிலும் இப்படிப்பட்ட மைதானங்களை அமைத்து, வண்டி ஒன்றுக்கு நியாயமான கட்டணம் வசூலிக்கலாம். அன்று பாதசாரிகளுக்குச் சத்திரம் கட்டினார்கள். இன்று வண்டியில் வருகிறவனுக்கு நாலு சென்ட் நல்ல தரை கொடுப்பது அதைவிடச் செலவு குறைந்த தர்மம்.

இடம் கிடைக்காதவன்தான் ஆற்று மணலிலும் காட்டோரத்திலும் படுக்கிறான். சுற்றுலாத் துறையும் வனத்துறையும் கலந்து பேசி, அடுத்த விடுமுறைக் காலத்துக்குள் ஆவன செய்ய வேண்டும்.