வேலைக்குப் போகும் சைக்கிளே பயிற்சிக் களம்

நல்லம்பள்ளியிலிருந்து தருமபுரிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். சைக்கிளில் வேலைக்குப் போய்த் திரும்பினால் 20. டிரையத்லான் போட்டியின் சிறிய வடிவத்தில் சைக்கிளுக்கு வைத்திருக்கும் தூரமும் அதே 20 கிலோமீட்டர்தான். அதற்கு முன்னால் 750 மீட்டர் நீச்சல், அதற்குப் பின்னால் 5 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டும். நடுவில் செருப்பு மாற்றி ஷூ போடும் நேரம்கூடக் கணக்கில் சேர்ந்துவிடும்.

2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் நுழைந்த டிரையத்லான் இதைப்போல இரண்டு மடங்கு. ‘அயர்ன்மேன்’ என்று எல்லோரும் வாய்பிளக்கும் பெரிய போட்டியோ 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதற்கு மேல் ஒரு முழு மாரத்தான். அதைத் தொடங்கியவர்கள் ஒரு கணவன் மனைவி. அமெரிக்கக் கடற்படையில் இருந்த ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் 1978 பிப்ரவரியில் ஹவாயில் நடத்திய முதல் போட்டிக்கு வந்தவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர்.

அந்த மலைப்பெல்லாம் பிறகு. முதலில் 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். இதற்கு வேண்டிய உடல்வாகு பலருக்கு இருக்கிறது. நேரம்தான் இல்லை. காலையில் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், மாலையில் வீட்டுப்பாடம், ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டு விசேஷம். ‘நான் பயிற்சிக்குப் போகிறேன்’ என்று தினமும் ஒரு மணி நேரம் கழன்றுகொள்பவரை எந்த வீடும் ரொம்ப நாள் பொறுக்காது. ஆனால் வேலைக்குப் போய்வரும் நேரத்தை வீட்டில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்து போகும் நேரத்தையும், சைக்கிளில் போகும் நேரத்தையும் கூட்டிக் கழித்தால் 10 கிலோமீட்டருக்குப் பெரிய வித்தியாசமும் இருக்காது.

வாரம் 5 நாள் என்றால் 100 கிலோமீட்டர் ஆகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாந்தும் போகிறார்கள்.

தினமும் ஒரே சாலை, ஒரே வேகம். ரொம்ப மெதுவும் இல்லை, ரொம்ப வேகமும் இல்லை. முதல் இரண்டு மாதம் உடம்பு தேறும். பேன்ட் இடுப்பில் தளரும். பிறகு அப்படியே நின்றுவிடும். உடம்பு அந்த வேலைக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். வருடக்கணக்கில் சைக்கிளில் பால் ஊற்றுபவர் திடகாத்திரமாக இருப்பார். ஆனால் போட்டி வேகம் அதனால் மட்டும் வந்துவிடாது.

ஆகவே போகும் வழியையும் வரும் வழியையும் வேறுவேறாக்க வேண்டும். காலையில் பேசிக்கொண்டே மிதிக்கும் அளவு மெதுவாகப் போகலாம். அலுவலகத்தில் வியர்வை வழிய நிற்க வேண்டியதில்லை. மாலையில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் கடுமை: பத்து நிமிடம் சாதாரணமாக ஓட்டிவிட்டு, 2 நிமிடம் மூச்சிரைக்க, 2 நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து முறை. ஒரு நாள் வீட்டுக்குச் சுற்றுவழியில் வந்து 10-ஐ 20 ஆக்கலாம். ஒரு நாள் பஸ்ஸிலேயே போய்விடுவது நல்லது. ஓய்வும் பயிற்சியில் சேர்ந்ததுதான். இதைச் சொன்னால் ஆர்வக்கோளாறில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள்.

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டுமா? சிறிய போட்டிக்குத் தேவையில்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள் எத்தனையோ வீட்டுத் தாழ்வாரத்தில் துருப்பிடித்து நிற்கிறது. செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டை மாற்றி, டயரில் காற்று சரியாக வைத்தால் பயிற்சிக்குப் போதும். கனமான சைக்கிளில் பழகியவருக்கு லேசான சைக்கிள் கிடைக்கும் நாளில் லாபம்தான். சீட் உயரத்தை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்து முழங்கால் வலியை விலை கொடுத்து வாங்குகிறார்கள். மாற்றுத் துணி, டிபன் பாக்ஸ் எல்லாம் கேரியரில் போகட்டும், முதுகில் வேண்டாம். தலையில் ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு. போட்டியில் ஹெல்மெட் இல்லாமல் சைக்கிளைத் தொடவே விடமாட்டார்கள்.

சாலை விஷயத்தில் தருமபுரிக்காரருக்குக் கொடுப்பினையும் உண்டு, ஆபத்தும் உண்டு. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும் சரிவில் லாரிகள் கட்டுப்பாடு இழந்து மோதும் செய்தி அடிக்கடி வருகிறது. ஏற்ற இறக்கம் நன்றாக இருக்கிறதே என்று அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பவே வேண்டாம். தினசரிப் பயணத்துக்கும் நான்குவழிச் சாலையை விட்டு சர்வீஸ் சாலை, ஊர்ச் சாலை என்று போவதே உத்தமம். மேடு ஏறிப் பழக வத்தல்மலை இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மாதம் ஒரு ஞாயிறு போதும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கித் திரும்ப ஏறுவதும் நல்ல பயிற்சிதான். ஆனால் காட்டு வழி, யானை நடமாட்டம் உள்ள இடம். நன்றாக விடிந்த பிறகு, துணையோடு.

அலுவலகப் பயணம் தரும் இன்னொரு வசதி பலருக்குத் தோன்றுவதில்லை. மாலையில் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் உள்ளே போய் உட்காராமல், ஷூவை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் ஓட வேண்டும். முதல் நாள் கால் இரண்டும் மரக்கட்டையாக இருக்கும். யாரோ ஒருவருடைய கால் மாதிரி தோன்றும். மிதித்துப் பழகிய தசை ஓட்டத்துக்கு மாறத் திணறுகிறது. வாரம் இரண்டு முறை செய்தால் சில வாரங்களில் அந்தத் திணறல் குறையும். போட்டியில் பலர் தடுமாறுவது இந்த மாற்றத்தில்தான். தெருவில் நாலு பேர் ‘என்ன, யாராவது துரத்துகிறார்களா?’ என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

வேலையோடு சைக்கிளைக் கோத்துக்கொண்டவர்களில் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று வியக்க வைப்பவர் கிறிஸ்ஸி வெலிங்டன். பிரிட்டிஷ் அரசின் சுற்றுச்சூழல் துறையில் வேலை பார்த்தவர். 2004-ல் நேபாளத்துக்குப் போய் கிராமப்புறச் சுகாதாரப் பணியில் சேர்ந்தார். காலையில் வேலை தொடங்கும் முன் நண்பர்களோடு மலைப்பாதையில் சைக்கிள் மிதிப்பார். லாசாவிலிருந்து காத்மாண்டு வரைகூட இமயமலையைக் கடந்து சைக்கிளிலேயே வந்தார்கள். 2007-ல், 30 வயதில், ஹவாயில் அயர்ன்மேன் உலக சாம்பியன் ஆனார். பிறகு 2008, 2009, 2011 என்று மூன்று முறை. அந்தத் தூரத்தில் அவர் கலந்துகொண்ட 13 போட்டிகளிலும் ஜெயித்தார். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: அவர் பல்கலைக்கழக நாட்களிலேயே நீச்சல் அணியில் இருந்தவர்.

சைக்கிளால் ஈடுகட்ட முடியாதது அந்த நீச்சல்தான். ‘கிணற்றில் குதித்து வளர்ந்தவன் நான்’ என்று இந்த மாவட்டத்தில் பலர் சொல்வார்கள். உண்மையும்கூட. ஆனால் 10 மீட்டர் அகலக் கிணற்றில் 750 மீட்டர் என்றால் 75 முறை குறுக்கே போக வேண்டும். தலையைத் தூக்கிக்கொண்டு நீந்தும் கிணற்று நீச்சல் அத்தனை தூரத்துக்குத் தாங்காது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பக்கவாட்டில் திரும்பி மூச்செடுக்கும் முறையைக் கற்றுத்தான் ஆக வேண்டும். வாரம் ஒரு முறையாவது நீச்சல் குளம், முடிந்தால் ஒரு பயிற்சியாளர். ஒகேனக்கல்லில் பழகலாமே என்ற யோசனை வரவே கூடாது. காவிரியின் சுழலும் பாறையும் எத்தனை உயிரைக் கொண்டுபோயிருக்கின்றன என்று அந்த ஊர்ப் பரிசல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். முதலையும் உண்டு. குடும்பத்தின் நேரத்தில் எதையாவது கேட்டு வாங்குவதென்றால், இந்த நீச்சலுக்காகக் கேட்கலாம்.

சாப்பாட்டுக்கு டப்பாப் பவுடர் தேட வேண்டாம். காலையில் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ், மாலை கிளம்பும் முன் கடலை மிட்டாய் அல்லது வாழைப்பழம். களி நம் ஊர்ச் சொத்துதான். ஆனால் களி தின்ற வயிற்றோடு வேகம் எடுத்தால் வயிறு பேசும். அதை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரில் கூடுதல் கவனம் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையும் எலும்புப் பாதிப்பும் தலைமுறைகளாக இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. சைக்கிள் மிதிப்பவர் மற்றவர்களைவிட அதிகம் குடிப்பார், கோடையில் இன்னும் அதிகம். எனவே வழியில் ஆழ்குழாயில் பிடித்துக் குடிப்பதைவிட, வீட்டில் வரும் காவிரித் தண்ணீரை இரண்டு பாட்டிலில் நிரப்பி எடுத்துப் போகலாம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் 40 வயதைத் தாண்டியவர்களும் தொடங்கும் முன் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். மிதிக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே இறங்கிவிட வேண்டும். ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே’ என்று வீடுவரை இழுக்கக் கூடாது.