பழைய வாஷிங் மெசினும் பிழிகிற கையும்



உடுப்புத் தோய்க்கும் வேலையில் எது கஷ்டம் என்று எமது குழுக் கூட்டங்களில் கேட்டால், தும்பு தேய்ப்பதையோ தண்ணீர் அள்ளுவதையோ யாரும் முதலில் சொல்வதில்லை. பிழிவதுதான் என்பார்கள். அதிலும் பெட்சீற், துவாய், பிள்ளைகளின் ஜீன்ஸ். ஷெல் துண்டு பட்டு மணிக்கட்டு மடங்காதவர்கள், தோள்மூட்டில் காயப்பட்டவர்கள், ஒரு கையை இழந்தவர்கள் என்று பலர் எம்மிடையே இருக்கிறார்கள். ஊறவைப்பதையும் கும்முவதையும் ஒரு கையால் எப்படியோ செய்து முடித்துவிடுவார்கள். பிழிவதற்கு இரண்டு கையும் எதிரெதிராகத் திரும்ப வேண்டுமே! பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும்வரை அந்த வாளி அப்படியே காத்திருக்கும்.

இதனால்தான் இம்மாதம் வாஷிங் மெசின் பற்றி எழுதுகிறேன். புதிது வாங்குவது பற்றியல்ல. எத்தனையோ வீடுகளில் குசினி மூலையில் அரிசி மூட்டை வைக்கும் மேசையாக நிற்கிறதே, அந்தப் பழைய இரட்டைத் தொட்டி மெசினைப் பற்றி. சில, மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு வந்த பெண்கள் கொண்டுவந்தவை. சில, வெளிநாடு போன சொந்தக்காரர் விட்டுச்சென்றவை. பழுதானதும் மூடி வைத்தவர்கள் பிறகு திறந்து பார்க்கவேயில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தச் சாமான்களின் விலை எங்கே போய் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே மூலையில் நிற்பதைத் திறந்து பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

இந்த மெசினுக்கு ஏன் இரண்டு தொட்டி? பிரித்தானியாவில் வேல்ஸ் பகுதியிலுள்ள மேர்தர் டிட்பில் என்ற ஊரில் 1948 இல் ஹூவர் நிறுவனம் செய்து விற்ற மெசினில் ஒரு தொட்டிதான் இருந்தது. அதன் பக்கச் சுவரில் சுழலும் தட்டு ஒன்று. மேலே இரண்டு உருளைகள்; அவற்றுக்கிடையே உடுப்பைக் கொடுத்துக் கைபிடியைச் சுற்றிப் பிழிய வேண்டும். அதாவது தோய்க்கிற வேலையைக் கரண்ட் எடுத்துக்கொண்டது, பிழிகிற வேலை பெண்ணின் கையிலேயே கிடந்தது. 1950களின் பிற்பகுதியில் வேகமாகச் சுழன்று தண்ணீரை உதறித்தள்ளும் இரண்டாவது தொட்டி பக்கத்தில் சேர்ந்த பிறகுதான் அந்தக் கைக்கு ஓய்வு கிடைத்தது.

ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983 இல் எழுதிய நூலொன்றில், வீட்டு இயந்திரங்கள் வந்தும் பெண்களின் வேலை குறையவில்லை, முன்பு வெளியே கொடுத்துத் தோய்த்ததும் வீட்டுப் பெண்ணின் தலையில் வந்து விழுந்தது என்று காட்டியிருக்கிறார். எங்கள் ஊர்களிலும் ஒரு காலத்தில் சாதியின் பெயரால் ஒரு சமூகத்தின் மேல் சுமத்தப்பட்டிருந்த வேலைதானே இது. கோவன் சொல்வது சரி. ஆனால் பிழிய முடியாத கையோடு இருக்கும் ஒருத்தியிடம் போய் இந்த வாதத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இனி எமக்குத் தெரிந்த ஒரு மெசினின் கதைக்கு வருவோம். ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் ஓர் அக்கா, கணவரை இழந்தவர், விருந்தினர் விடுதி ஒன்றின் பெட்சீற்றுகளைத் தோய்த்துக் கொடுத்து வருமானம் தேடுகிறார். வலது முழங்கை பழைய காயத்தினால் முழுதாக நீளாது. அவரிடமிருந்தது இரும்பு உடம்புள்ள பழைய இரட்டைத் தொட்டி. துறைமுகப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று அடித்தகட்டை அரித்திருந்தது. திருத்த வந்தவர் பின்பக்கத்தைக் கழற்றாமலே, "மோட்டர் எரிஞ்சு போச்சு, பழைய இரும்புக்குக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம். கழற்றாமலே மோட்டர் எரிந்தது தெரியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. அக்காவோடு சேர்ந்து நாங்கள் நாலு பேர் ஒரு சனிக்கிழமை அதைத் திறந்தோம்.

முதலில் பிளக்கைக் கழற்றி, அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி மெசினின் மேலேயே வைத்தோம். உள்ளே கப்பாசிற்றர் என்றொரு சிறு டப்பா உண்டு. பிளக்கைக் கழற்றிய பிறகும் அது கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். வெறுங்கையால் அதன் முனைகளைத் தொடக்கூடாது. பழைய குண்டு பல்ப் ஒன்றை ஹோல்டரில் மாட்டி, அதன் இரண்டு வயர் நுனியையும் மறைப்புள்ள இடத்தில் பிடித்துக்கொண்டு கப்பாசிற்றரின் இரண்டு முனையிலும் சிறிது நேரம் வைத்தால் தேங்கியிருப்பது இறங்கிவிடும். இதை முதற்தடவை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று காட்டட்டும். ஸ்குறூ ஆணிகளை ஐஸ்கிறீம் டப்பாக்களில் வேறுவேறாகப் போட்டு, எந்த வயர் எங்கே இருந்தது என்று கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டோம். கழற்றுவது சுலபம், திரும்பப் பூட்டும்போதுதான் சண்டை வரும்.

பின்தகட்டை எடுத்ததும் பயம் பாதி போய்விட்டது. உள்ளே இருப்பது இரண்டே இரண்டு மோட்டர். தோய்க்கும் பக்கத்து மோட்டரிலிருந்து ஒரு பெல்ட் சென்று தொட்டியின் அடியிலுள்ள சில்லைச் சுற்றுகிறது. பிழியும் பக்கத்தில் பெல்ட் கிடையாது. மோட்டர் தொட்டிக்கு நேர் கீழே ஸ்பிறிங்குகளின் மேல் நிற்கிறது, தொட்டியின் தண்டு நேரே அதோடு பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டைச் சுற்றி ஒரு பிறேக் இருக்கும். மூடியை மூடினால் ஒரு கம்பி அந்தப் பிறேக்கை இழுத்து விடுவிக்கும். திறந்தால் கரண்டும் நிற்கும், பிறேக்கும் பிடிக்கும். சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

அக்காவின் மெசினில் அந்தக் கம்பி துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. மூடியை மூடினாலும் பிறேக் விடவில்லை. மோட்டர் சுற்றப் பார்த்து, முடியாமல் உறுமிவிட்டு நின்றிருக்கிறது. பிறேக்கை விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு தொட்டியைக் கையால் சுற்றினோம், சுகமாகச் சுற்றியது. கருகிய மணம் இல்லை. மின் வேலை தெரிந்தவர் மீற்றர் வைத்துப் பார்த்து மோட்டர் நல்லாயிருக்கிறது என்றார். இழுக்கும் கம்பிக்கு சைக்கிள் கடையில் வாங்கிய பிறேக் கம்பியையே அளவாக வெட்டிப் போட்டோம்.

அத்தோடு முடியவில்லை. தொட்டியின் தண்டு வெளியே வரும் இடத்தில் சுருக்கு வைத்த றப்பர் உறை ஒன்று இருக்கும். அது வெடித்திருந்தால் பிழியும் தண்ணீர் நேரே மோட்டரின் மேல் ஒழுகும். அடித்தகடு அரித்ததற்குக் காற்று மட்டும் காரணமல்ல என்பது அப்போதுதான் விளங்கியது. பசை போட்டு ஒட்டப் பார்க்க வேண்டாம், புதிது போடுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு காட்டித்தான் வாங்க வேண்டும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்து, துருத்தடுப்பு மை பூசி இரண்டு நாள் காயவிட்டோம். தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் சாமான் இது. ஆகவே இரும்பு உடம்புக்கு எர்த் வயர் சரியாகப் போகிறதா, வீட்டின் ட்ரிப் சுவிச் விழுகிறதா என்று பயிற்சி பெற்ற ஒருவர் பார்க்காமல் பிளக்கைச் செருகக்கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டு கம்பிப் பிளக்கில் ஓட்டிப் பழகிய வீடுகள் எத்தனையோ கண்டிருக்கிறேன்.

முதலில் வெறும் தொட்டியாக, பிறகு ஈரத் துவாய் ஒன்று, பிறகு பெட்சீற். உடுப்பை வட்டமாகப் பரப்பி மேலே தட்டு மூடியை அமத்தி வைக்க வேண்டும். ஒரு பக்கம் குவிந்தால் மெசின் துள்ளும். ஓடும்போது மூடியைத் திறந்து பாருங்கள். சில வினாடிகளுக்குள் தொட்டி நிற்காவிட்டால் பிறேக் இன்னும் சரியில்லை, அதைச் சரிசெய்யும் வரை பிள்ளைகள் உள்ள வீட்டில் ஓட்ட வேண்டாம்.

கரண்டே இல்லாத இடத்துக்கு என்ன செய்வது என்று ஒரு சகோதரி கேட்டார். நவ்ஜோத் சாஹ்னி என்ற பிரித்தானியப் பொறியியலாளர் தமிழ்நாட்டில் ஆரோவில் அருகே குயிலாப்பாளையத்தில் தங்கி வேலை செய்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் கையால் தோய்த்துப் படும் பாட்டைக் கண்டு, கையால் சுற்றும் மெசின் ஒன்றைப் பின்னர் உருவாக்கினார். அந்தப் பெண்ணின் பெயரே மெசினுக்கும்: திவ்யா. 2018 இல் தொடங்கிய அவரது அமைப்பு அதை ஈராக்கின் அகதி முகாம்களுக்குக் கொண்டுபோனது. அதிலும் தோய்ப்பதோடு தண்ணீரை உதறுவதும் நடக்கிறது. போரால் இடம்பெயர்ந்த பெண்களுக்கு எது தேவை என்று யாரோ கேட்டுத்தான் செய்திருக்கிறார்கள். எங்கள் நலத்திட்டங்களில் தையல் மெசினும் கோழிக்குஞ்சும் ஆடும் திரும்பத் திரும்ப வருகின்றன. தொழிற்பயிற்சி நிலையங்களில் மின் வேலையும் கற்பிக்கிறார்கள், பெண்களுக்குக் கதவு மூடியில்லை. நாங்கள்தான் எங்கள் பிள்ளைகளைத் தையலுக்கும் கேக் ஐசிங்குக்கும் மட்டும் அனுப்புகிறோம்.

அக்காவின் மெசினில் தோய்க்கும் பக்கம் இன்னும் ஓடவில்லை. பெல்ட் வெடித்துவிட்டது, அந்த அளவில் கடைகளில் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை தோய்ப்பது கல்லில், பிழிவது மெசினில். பெட்சீற்றுகள் இப்போது மத்தியானத்துக்கு முன்னமே கொடியில் ஏறிவிடுகின்றன. மகன் பள்ளிக்கூடத்தால் வந்து நேரே சாப்பிடப் போகிறான்.