பில் காலின்ஸைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு டீச்சரின் பதில்



பதிவு நீளமானது. முன்பே சொல்லிவிடுகிறேன். பாதியில் லைக் போட்டுவிட்டு நழுவுகிற பழக்கம் உங்களில் சிலருக்கு உண்டு. கடைசியில் வீட்டுப்பாடம் இருக்கிறது, அதனால் முழுக்கப் படியுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகன் ஒரு மீம் போட்டான். வழுக்கைத் தலையோடு மைக் முன்னால் நிற்கும் ஒரு வெள்ளைக்காரர். உலகத்திலேயே மொக்கையான பாடகர் இவர்தான் என்று மேலே எழுதியிருந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நான் கேட்டேன், "இவர் பாட்டு எத்தனை கேட்டிருக்க?" உடனே பதில் வந்தது: "கேக்க வேற செய்யணுமா அத்தை? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!"

அந்த "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்ற வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு. முப்பத்து நாலு வருஷம் வகுப்பறையில் நான் சண்டை போட்டது இந்த ஒரு வார்த்தையோடுதான்.

படத்தில் இருந்தவர் பில் காலின்ஸ். இங்கிலாந்துக்காரர், 1951-இல் லண்டனில் பிறந்தவர். அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது, மீம் போட்டவனுடைய அப்பாதான். 1987-இல் என் தம்பி மஸ்கட்டிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு டூ-இன்-ஒன்னும் ஆறு காசெட்டும் கொண்டுவந்தான். அதில் இரண்டு காசெட்டின் அட்டையில் ஒரே ஆளின் முகம். சிங்காரம் எதுவும் இல்லாத, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஒரு முகம். "அக்கா, லைட்ட அணைச்சுட்டுக் கேளு" என்றான் தம்பி. கேட்டேன். அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் இசை படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு அஞ்சாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். ஆனால் ஒரு விடைத்தாளைத் திருத்தும் முன் முழுக்கப் படிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இந்த மனிதரின் விடைத்தாளைப் படிக்காமலே பலர் சுழி போட்டிருக்கிறார்கள்.

முதலில், அவர் பாடகர் ஆவதற்கு முன்பே டிரம்மர். சின்னப் பிள்ளையிலேயே குச்சியைக் கையில் எடுத்தவர், இடது கைப் பழக்கக்காரர். 1970-இல் ஜெனிசிஸ் என்ற குழு டிரம்மர் தேடியது. பீட்டர் கேப்ரியலின் பெற்றோர் வீட்டில் தேர்வு. காலின்ஸ் சீக்கிரமே போய்விட்டார். காத்திருக்கும் நேரத்தில் அங்கிருந்த நீச்சல் குளத்தில் இறங்கி நீந்தச் சொன்னார்கள். நீந்திக்கொண்டே, தனக்கு முன்னால் வந்தவர்கள் உள்ளே வாசிப்பதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். அவர் முறை வந்தபோது பாடம் அத்துப்படி. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் பதில் சொல்வதைக் கேட்டே பாஸ் செய்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் மக்குகள் இல்லை, காது உள்ளவர்கள்.

1975-இல் கேப்ரியல் குழுவை விட்டுப் போனார். புதுப் பாடகரைத் தேடினார்கள், எத்தனையோ பேரைப் பாடவைத்துப் பார்த்தார்கள், யாரும் சரிவரவில்லை. கடைசியில் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தவரே முன்னால் வந்து பாடினார். குழு பிழைத்தது. இந்த ஆளைப் பதவிக்கு ஆசைப்பட்டு வந்தவர் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்று. விமரிசகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் பிரையன் ஈனோவின் 1975 ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்தது காலின்ஸ். ஜான் மார்ட்டின் என்ற பாடகரின் மனம் உடைந்த 1980 ஆல்பத்திலும் அவர்தான். லெட் செப்பலின் கலைந்த பிறகு ராபர்ட் பிளான்ட் போட்ட முதல் தனி ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகளிலும் அவர்தான். இவர்களுக்கெல்லாம் ரசனை இல்லை என்று சொல்ல யாருக்காவது தைரியம் இருக்கிறதா? சாப்பாட்டைப் புகழ்ந்துவிட்டுச் சமைத்தவரைத் திட்டுவது என்ன நியாயம்?

இப்போது அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். கேப்ரியல் தன் மூன்றாவது தனி ஆல்பத்தை லண்டனில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்தார். அது 1980-இல் வெளிவந்தது. குழுவை விட்டுப் போனவர், பழைய நண்பர் காலின்ஸை வாசிக்கக் கூப்பிட்டார். வெண்கலத் தட்டுகளே கூடாது, தோல் சத்தம் மட்டும்தான் என்பது கேப்ரியலின் நிபந்தனை. அந்த அறையின் கூரையில் ஒரு மைக் தொங்கும். வாசிப்பவர்கள் பேசுவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்பதற்காக வைத்தது. மெல்லிய பேச்சையும் தூக்கிக் கொடுக்கும்படி, பெரிய சத்தத்தை அமுக்கும்படி அதை அமைத்திருந்தார்கள். காலின்ஸ் டிரம்ஸ் வாசித்தபோது அந்த மைக் தவறுதலாகத் திறந்திருந்தது. ஒலிப் பொறியாளர் ஹ்யூ பாட்ஜம் காதில் விழுந்தது, அதுவரை யாரும் கேட்டிராத சத்தம். அதை அப்படியே பிடித்து, ஒரு அளவுக்குக் கீழே போனால் சட்டென்று அடைத்துவிடும் கருவி வழியாக அனுப்பினார்கள்.

பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்கிறேன். காலியாக இருக்கிற பெரிய ஹாலில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். எதிரொலி கிளம்பி வரும்போது யாரோ படாரென்று கதவைச் சாத்தியது போல அது நின்றுவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் அந்தச் சத்தம். அதற்குப் பிறகு பத்து வருஷம் உலகத்தில் வந்த எத்தனையோ பாட்டுகளில் டிரம்ஸ் அப்படித்தான் ஒலித்தது. காலின்ஸ் பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்களும் அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டியவர்கள்தான்.

அதே சத்தத்தை வைத்து 1981-இல் தன் முதல் தனி ஆல்பத்தில் அவர் போட்ட பாட்டு "இன் தி ஏர் டுநைட்". முதல் மனைவி பிரிந்து போன துக்கத்தில் பிறந்தது. ஒரு சின்ன டிரம் மெஷின் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும். மேலே ஒரு கீபோர்டு இழுவை. குரல் அடங்கியே இருக்கும். உலகத்தின் மிகச் சிறந்த டிரம்மர்களில் ஒருவர், தன் சொந்தப் பாட்டில் மூன்றரை நிமிடம் டிரம்ஸைத் தொடவே இல்லை! அதற்குப் பிறகு ஒரே ஒரு உருட்டு உருட்டுவார். அடேயப்பா. எனக்கு அன்று இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. ஆனால் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் கோபத்தை அடக்கிவைத்திருந்தான் என்பது முழுசாகப் புரிந்தது. தன் வித்தையை மூன்றரை நிமிடம் மறைத்துவைக்கத் தெரிந்தவனையா மொக்கை என்கிறீர்கள்?

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் பார்ப்போம். ஒருதலைப்பட்சமாகத் திருத்தும் டீச்சர் என்று பெயர் வேண்டாம்.

எண்பதுகளில் அவர் எங்கும் இருந்தார் என்பது உண்மை. தனி ஆல்பம், ஜெனிசிஸ் ஆல்பம், அடுத்தவர் ஆல்பத்துக்குத் தயாரிப்பு, சினிமாப் பாட்டு. தினமும் சர்க்கரைப் பொங்கல் போட்டால் யாருக்கும் திகட்டும். சில காதல் பாட்டுகளில் சர்க்கரை அதிகம்தான். "சுசூடியோ" பாட்டில் பிரின்ஸின் சாயல் பளிச்சென்று தெரிகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். மதிப்பெண் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 1985 ஜூலை 13, லைவ் எய்ட். எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டிய கச்சேரி. லண்டனில் பாடிவிட்டு, கான்கார்ட் விமானம் ஏறி, அதே நாளில் அமெரிக்காவில் பிலடெல்பியாவிலும் பாடினார். பெருமைக்குச் செய்தார் என்று கேலி. லண்டனில் பியானோவில் ஒரு சுரம் தவறியது, அதற்கும் கேலி. பிலடெல்பியாவில் லெட் செப்பலின் பல வருஷத்துக்குப் பிறகு ஒன்றுசேர்ந்து வாசித்தது சொதப்பியது. சரியான ஒத்திகை இல்லை, கிட்டார் சுதி சேரவில்லை, பாடகரின் தொண்டை கட்டியிருந்தது. ஆனால் பழி விழுந்தது டிரம்ஸ் வாசிக்க வந்த விருந்தாளி மேல். பாதியில் எழுந்து போயிருப்பேன், அது பெரிய செய்தியாகிவிடும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன் என்று பின்னால் அவர் சொல்லியிருக்கிறார். கூட்டு வேலை கெட்டால் வெளியாள் தலையில் கட்டுவது எல்லா ஊரிலும் உண்டு போல.

பிறகு 1989-இல் வீடில்லாமல் தெருவில் கிடப்பவர்களைப் பற்றி ஒரு பாட்டு, "அனதர் டே இன் பாரடைஸ்". கோடீசுவரனுக்கு ஏழையைப் பற்றி என்ன பேச்சு என்று விளாசினார்கள். இந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பணக்காரன் ஏழையைப் பார்க்காமல் போனாலும் குற்றம், பார்த்துப் பாடினாலும் குற்றம் என்றால் அவன் என்னதான் செய்வது? அந்தப் பாட்டே, பார்த்தும் பார்க்காதது போலத் தெருவைத் தாண்டிப் போகிறவனைப் பற்றியதுதான். குத்தல் அவருக்கும் சேர்த்துத்தான். அதைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அவருடைய குடும்ப வாழ்க்கைக்கு நான் வக்கீல் இல்லை. மூன்று திருமணம், மூன்றும் முறிந்தன. குடிப்பழக்கம் தன்னைச் சாவின் வாசல் வரை கொண்டுபோனதை 2016-இல் தன் வாழ்க்கைக் கதையில் அவரே எழுதிவிட்டார். இரண்டாவது மனைவியை ஃபாக்ஸ் அனுப்பி விவாகரத்து செய்தார் என்று ஒரு பத்திரிகை எழுதியதை மட்டும் அவர் மறுத்தார். மறுப்பை யாரும் படிக்கவில்லை, ஃபாக்ஸ் கதை மட்டும் இன்றைக்கும் ஓடுகிறது.

கேலி எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள். 1991-இல் "அமெரிக்கன் சைக்கோ" என்று ஒரு நாவல் வந்தது. அதில் வரும் கொலைகாரப் பணக்காரன், ஜெனிசிஸையும் காலின்ஸையும் ஒரு அத்தியாயம் முழுக்கப் புகழ்வான். அங்கே கேலி செய்யப்படுவது, எதையும் உணராமல் மேலோட்டமாகப் புகழ்கிற அந்தக் கதாபாத்திரம். படித்தவர்கள் என்ன செய்தார்கள்? பாட்டே கேலிக்குரியது என்று முடிவு கட்டிவிட்டார்கள். 2000-இல் "டார்சான்" படப் பாட்டுக்கு ஆஸ்கார் வாங்கினார், அடுத்த மாதமே ஒரு கார்ட்டூன் தொடர் அவரை ஆஸ்கார் சிலையோடு கோமாளி ஆக்கியது. ஒருவர் சிரிக்க, பத்துப் பேர் சிரிக்க, கடைசியில் எதற்குச் சிரித்தோம் என்பது யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் என் தப்பையும் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் சத்தமாக வாசிக்கும்போது ஒரு சொல்லைப் பிசகாகச் சொன்னான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சொல்லே அவனுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் வாசிக்கக் கை தூக்கவே இல்லை. அவன் கணக்கில் புலி. அதை யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவன் இதைப் படித்தால்: மன்னித்துக்கொள்ளப்பா. டீச்சர் அன்று சிரித்திருக்கக் கூடாது.

எல்லாரும் சிரித்த காலத்திலும் காதைத் திறந்து வைத்திருந்தவர்கள் உண்டு. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் அவரை என்றும் விட்டதில்லை. எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் ஊதுகுழல் கலைஞர்கள் அவருடைய முதல் ஆல்பத்திலேயே வாசித்தார்கள். 2001-இல் ஹிப்-ஹாப், ஆர் அண்ட் பி பாடகர்கள் சேர்ந்து அவர் பாட்டுகளையே பாடி ஒரு அஞ்சலி ஆல்பம் போட்டார்கள். 2020-இல் இந்தியானா மாநிலத்து இரட்டைச் சகோதரர்கள், இளைஞர்கள், "இன் தி ஏர் டுநைட்" பாட்டை முதன்முதலாகக் கேட்பதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். அந்த உருட்டு வந்ததும் இருவர் முகமும் மாறுவதை உலகமே பார்த்தது. நாற்பது வருஷப் பழைய பாட்டு மறுபடியும் விற்பனைப் பட்டியலில் ஏறியது. அந்தப் பிள்ளைகளிடம் யாரும் முன்கூட்டி "இவர் மொக்கை" என்று சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக ஒன்று. வருஷக்கணக்காகக் குனிந்து வாசித்ததில் அவருடைய கழுத்தெலும்பு கெட்டது. 2009-இல் அறுவை சிகிச்சை. விரல்களில் பிடிமானம் போய்விட்டது. 2010-இல் வந்த ஆல்பத்துக்குக் குச்சியைக் கையோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டு வாசித்தார். அதற்குப் பிறகு அதுவும் முடியவில்லை. 2017-இல் ஊன்றுகோலோடு மேடைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். பின்னால் டிரம்ஸ் வாசித்தது அவர் மகன் நிக், அப்போது பதினாறு வயது. 2022 மார்ச் 26-இல் லண்டனில் ஜெனிசிஸின் கடைசிக் கச்சேரியிலும் அப்படித்தான். பார்வையாளர்களில் ஒருவராகப் பீட்டர் கேப்ரியல் உட்கார்ந்திருந்தார். கையே வாழ்க்கையாக இருந்தவர், கை போன பிறகு, தான் செய்த வேலையைத் தன் பிள்ளை செய்வதைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மீம் போட முடிந்தால் போடுங்கள்.

என் மதிப்பெண்: டிரம்மருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. பாட்டெழுதியவருக்கு எழுபது. குடும்பஸ்தருக்கு நான் மார்க் போடவில்லை, அது என் பாடம் இல்லை.

என் தம்பி மகனுக்கு: உன்மேல் கோபம் இல்லை கண்ணு. உன் அப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது. அந்த டூ-இன்-ஒன் இப்போது ஓடாது, ஆனால் காசெட் ஆறும் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அட்டையின் உள்பக்கம் அவன் கையெழுத்தில் தேதி போட்டிருக்கிறான். பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. கேட்டுப் பார்த்து, அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல். அது உன் கருத்து, அதற்கு மரியாதை உண்டு.

மற்ற எல்லாருக்கும் வீட்டுப்பாடம்: இன்று ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, இயர்போன் போட்டு, "இன் தி ஏர் டுநைட்" முழுப் பாட்டையும் கேட்க வேண்டும். நடுவில் தள்ளிவிட்டு டிரம்ஸுக்குத் தாவக் கூடாது. காத்திருப்பதும் பாட்டில் சேர்த்திதான். கேட்டுவிட்டுக் கீழே கமெண்டில் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

கேட்காமல் எழுதினால் மட்டும் கண்டுபிடித்துவிடுவேன். முப்பத்து நாலு வருஷ அனுபவம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்