மீட்டரைக் குறை கூறுமுன்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் பெரியோர். மின்கட்டணம் கூடும்போது மட்டும் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

சென்ற கோடையில் எங்கள் வீட்டு மீட்டர் இரண்டு மாதத்திற்கு 540 யூனிட் காட்டியது. வழக்கமாக 420தான் வரும். கணக்கெடுத்தவர் தவறிவிட்டார் என்றார் அப்பா. நாங்களோ, இரவெல்லாம் மின்விசிறி போட்டு உறங்கும் பாட்டியைக் குறை கூறினோம். பாட்டி பதில் பேசவில்லை. அன்றிரவு அந்தப் புழுக்கத்தில் பனையோலை விசிறியோடு படுத்துக்கொண்டார்.

அப்போதுதான் வகுப்பில் படித்த கணக்கு நினைவுக்கு வந்தது. 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். பாட்டியின் 75 வாட் விசிறி இரவில் 8 மணி நேரம் சுழன்றால் 0.6 யூனிட், அறுபது நாளுக்கு 36தான். கூடியதோ 120!

அப்பாவின் துணையோடு ஆராய்ந்தோம். மெயின் சுவிட்சை அணைத்ததும் மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக்குவது நின்றது. மீட்டர் தானாக ஓடவில்லை. மெயினைப் போட்டு, கருவிகளை மட்டும் நிறுத்தினோம், அப்போதும் மினுக்கவில்லை. ஆகவே மின்கசிவும் இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டு வந்தபோது, தண்ணீர் மோட்டாருக்கு விளக்கு படபடவென மினுக்கியது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்குச் சுமார் 1 யூனிட் இழுக்கும். ஃபுட்வால்வு பழுதாகி, ஒரு மணியில் நிரம்பும் தொட்டிக்கு மூன்று மணி ஆகியிருந்தது! நாளுக்கு 2 யூனிட் வீதம் அறுபது நாளுக்கு 120. கணக்கு சரியாயிற்று. பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டோம்.

தமிழகத்தில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடுகிறது. சிறு பழுதும் பெருஞ்செலவாவது இதனால்தான்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் வீடு வீடாகக் கணக்கெடுக்க இயலாததால், முந்தைய தொகையையே செலுத்தச் சொன்னார்கள். பிறகு நான்கு மாதத்திற்குச் சேர்த்துக் கணக்கிட்டபோது பலர் அதிர்ந்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று, அவ்வாண்டு ஜூலையில் தள்ளுபடியாயிற்று. தம் வீட்டு மீட்டரைத் தாமே குறித்து வைத்திருந்தவர்களுக்கு எது சரி, எது தவறு என்று தெரிந்திருக்கும்.

தோழியரே! வாரம் ஒருமுறை மீட்டர் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மீட்டரின் சீலைத் தொடாதீர்கள். அதன்மேல் ஐயம் இருந்தால் சோதிக்கும்படி மின்வாரியத்திற்கு மனுச் செய்யலாம். விசாரிக்குமுன் எவர்மீதும் பழி போடாதிருப்போம். வீட்டில் வாய் திறவாதவர்மீதுதான் பழி எளிதில் விழுகிறது.

— பத்தாம் வகுப்பு மாணவி