துள்ளாத சுத்தியலும் ஆயுட்கால உத்தரவாதமும்

மில்லிங் மெஷினில் வேலை பழகுகிறவரை முதலில் எரிச்சலூட்டுவது வைஸ்தான். அடியில் பேரலல்கள் எனப்படும் சம உயரப் பட்டைகள் இரண்டு, அவற்றின் மேல் இரும்புத் துண்டு. வைஸை முடுக்கினால் நகரும் தாடை லேசாக மேலெழும்பும். துண்டும் கூடவே எழும்பும். எஃகுச் சுத்தியலால் தட்டினால் துண்டு கீழே போய்த் துள்ளி, மறுபடி தூக்கிக்கொள்ளும். முடுக்கிய பிறகு, துள்ளாத 'டெட் புளோ' சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் 'தொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேரலலை விரலால் நகர்த்திப் பார்த்தால் அசையாது.

சூட்சுமம் தலைக்குள் இருக்கிறது. உள்ளே குழிவு, அதில் கொஞ்சம் காலியிடம் விட்டு எஃகு ரவை. அடி விழுந்ததும் ஓடு நின்றுவிடும். ரவை ஒரு நொடிச் சிதறல் தாமதமாக வந்து முன்சுவரில் மோதும். ஓடு திரும்பத் துள்ளப் பார்க்கிற அந்த நேரத்தில் ரவை அதை முன்னுக்கே தள்ளிவிடுகிறது. அடியின் வேகம் பொருளுக்குள் போகிறது, மணிக்கட்டுக்குத் திரும்புவதில்லை. வாங்கும்போது காதருகே குலுக்கிப் பார்க்கலாம். சலசலப்பே இல்லையென்றால் அது வெறும் ரப்பர் சுத்தியலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு வகை உண்டு. தலையும் பிடியும் ஒன்றாகப் பாலியூரித்தேனில் வார்த்தது ஒன்று. ஆரஞ்சு நிறத்தில் மெக்கானிக் ஷெட்களில் தென்படுவது பெரும்பாலும் இதுதான். எஃகுத் தலையில் நைலான் முகங்களைப் பொருத்தியது மற்றொன்று. ஜெர்மனியின் ஹால்டர் நிறுவனத்து 'சூப்பர்கிராஃப்ட்' இந்த ரகம். விலை கூடுதல், ஆனால் முகம் தேய்ந்தால் முகத்தை மட்டும் மாற்றினால் போதும். தினமும் தட்டுகிற பட்டறைக்கு இதுவே லாபம். ஹப்பில் துருப்பிடித்து ஒட்டிய வீலை எப்போதாவது கழற்றுகிறவருக்கு ஒரு கிலோ அளவில் ஒற்றை வார்ப்பு தாராளம்.

ஒற்றை வார்ப்பின் பலவீனம் அதன் தோல். ஆணி, உளி, கூரான விளிம்பு எதில் அடித்தாலும் வெட்டு விழும். கரைப்பான்கள் பட்டால் சில ரகங்கள் உப்பும், பிசுபிசுக்கும். பயன்படுத்தாமல் வைத்தாலும் நிம்மதியில்லை. அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் மாவாக உதிருமே, அதே பாலியூரித்தேன் சமாச்சாரம்தான் இங்கேயும். காற்றின் ஈரம் அதை மெல்லச் சிதைக்கும். பாலியெஸ்டர் ரகத்தைவிடப் பாலியீத்தர் ரகம் ஈரத்தைத் தாங்கும். எந்த ரகம் என்று அட்டையில் போடுகிற கம்பெனிகள்தான் அபூர்வம்.

இப்படி வயதாகிற பொருளுக்கு 'ஆயுட்கால உத்தரவாதம்' என்றால் யாருடைய ஆயுள்? அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, பத்து டாலருக்கு மேல் விலையுள்ள நுகர்பொருளின் எழுத்து உத்தரவாதம் 'முழு' உத்தரவாதமா, 'வரம்புக்குட்பட்ட' உத்தரவாதமா என்று சொல்லியாக வேண்டும். சுத்தியல்களில் அநேகமாகப் பார்க்கக் கிடைப்பது இரண்டாவது சொல். தயாரிப்புக் குறை என்றால் மாற்றித் தருவார்கள். தேய்மானம், தவறான உபயோகம் என்றால் கையை விரிப்பார்கள். பிளந்த தலை இதில் எந்தக் கணக்கு என்பதில்தான் வழக்கு.

உடைந்த கைக்கருவியைக் கொடுத்துப் புதியதை வாங்கிப்போகலாம் என்று பெயரெடுத்திருந்தது அங்கே சியர்ஸ் கடைகளின் கிராஃப்ட்ஸ்மேன் பிராண்ட். 2017-ல் அந்த பிராண்டை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. அடுத்த வருடம் அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு போட்டது. கருவியை எடுத்துப் போய் நிற்க முன்பிருந்த கவுன்ட்டர்களில் பல இன்றில்லை. இறக்குமதிச் சுத்தியல் வாங்குகிற நம்மூர்க்காரருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: மாற்றித் தர இங்கே ஆள் இருக்கிறாரா, அல்லது கூரியர் செலவு சுத்தியல் விலையைத் தாண்டுமா?

தலையில் கீறல் தெரிந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கராஜில் என்றால் ரவை சிந்தித் தரை வழுக்கும், பெருக்கிவிடலாம். லேத் பக்கத்தில் டேப் சுற்றி ஓட்டுவது ஆகாது. பெட்டின் வழித்தடத்தில் ஒரு ரவை விழுந்து கேரியேஜுக்கு அடியில் மாட்டினால், வரும் செலவில் நல்ல சுத்தியல் பல வாங்கலாம்.