வால்வை மாத்தறதுக்கு முன்னே மீட்டரை எடுங்க!

"புது வால்வு போட்டேம்ப்பா... சவுண்டு அப்படியே தேனா ஓடுது!"

வால்வு ஆம்ப்ளிபயர் பைத்தியங்கள் கூடுகிற இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், இந்த வசனம் காதில் விழும். நானும் சொல்லித் திரிந்தவன்தான். ஆகவே நண்பர்களே, யாரையும் கிண்டல் செய்வதாக எண்ண வேண்டாம். ஆனால் பழைய ஆம்ப்ளிபயரை மேம்படுத்தக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் தலைகீழாக ஆரம்பிக்கிறார்கள் என்பது என் கட்சி.

டைனாக்கோ எஸ்.டி.70-ஐ எடுத்துக்கொள்வோம். 1959-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் டேவிட் ஹாஃப்லரின் கம்பெனி வெளியிட்டது. கிட்டாக வாங்கி வீட்டிலேயே சால்டர் பண்ணிக்கொள்ளலாம். சேனலுக்கு 35 வாட்ஸ். நான்கு ஈ.எல்.34 பவர் வால்வு, இரண்டு 7199 டிரைவர், ஒரு ஜி.இசட்.34 ரெக்டிபயர். லட்சக்கணக்கில் விற்றதால் இன்றும் ஆங்காங்கே கிடைக்கிறது.

கிடைத்தவுடன் நம்ம ஆள் என்ன செய்கிறார்? இங்கிலாந்தின் பிளாக்பர்னில் அந்தக் காலத்தில் செய்த முல்லார்ட் வால்வைத் தேடி அலைகிறார். அந்த உற்பத்தி நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. மிச்சம் மீதி சரக்கு தங்க விலை. ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று புது வால்வுகள் வருகின்றன, அவருக்கு அது பிடிக்காது. கையிலிருக்கிற காசெல்லாம் கண்ணாடிக்குப் போய்விடுகிறது. சேஸிஸைத் திருப்பிப் பார்த்தால் 60 வருடத்துக் கெப்பாசிட்டர்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும்!

வகுப்பில் படித்த ஓம் விதியை வைத்தே கணக்குப் போடலாம். டிரைவருக்கும் ஈ.எல்.34-ன் கிரிட்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர். ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான வோல்ட் டி.சி., மறுபக்கம் சுமார் மைனஸ் 35 வோல்ட் பயாஸ். வயதான கெப்பாசிட்டர் வெறும் 20 மைக்ரோ ஆம்பியர் கசிய விட்டால் போதும். கிரிட் ரெசிஸ்டர் 270 கிலோ ஓம்; பெருக்கினால் 5.4 வோல்ட். மைனஸ் 35 என்பது மைனஸ் 30-க்கு வந்துவிடும். ஈ.எல்.34-ன் பிளேட் தாங்குவது 25 வாட். 400 வோல்ட்டில் 50 மில்லி ஆம்பியர் ஓடும்போதே 20 வாட் ஆகிவிட்டது. மீதி 5 வாட்டை அந்த 5 வோல்ட் ஒரே வாயில் விழுங்கிவிடும். புது வால்வு போட்டால் கசிவு நிற்குமா? புது வால்வும் சேர்ந்து எரியும், அவ்வளவுதான்.

இதில் ஒரு பொறி வேறு உண்டு. ஒரிஜினல் எஸ்.டி.70-ல் ஒரு சேனலின் இரண்டு பவர் வால்வுக்கும் சேர்த்து ஒரே 15.6 ஓம் ரெசிஸ்டர். அதன்மேல் 1.56 வோல்ட் வருகிற மாதிரி பயாஸ் வைக்க வேண்டும். அதாவது இரண்டும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர். ஆளுக்குப் பாதியா, 70-க்கு 30-ஆ? மீட்டர் சொல்லாது. என் முதல் மேட்ச்டு ஜோடி அப்படித்தான் போயிற்று. 1.56 அழகாக நின்றது. ஒரு வால்வின் பிளேட் மட்டும் இருட்டில் சிவந்துகொண்டிருந்தது. நான் விளக்கை அணைத்துவிட்டு அந்த வெளிச்சத்தை ரசித்துக்கொண்டிருந்தேன்! ஒவ்வொரு வால்வின் கத்தோடிலும் தனித்தனியாக 10 ஓம் போட்டு, பயாஸ் பாட்டையும் தனித்தனியாக்குவதுதான் உருப்படியான மேம்பாடு.

ஆகவே கப்ளிங் கெப்பாசிட்டரைச் சோதித்துக்கொண்டிருக்காமல் 630 வோல்ட் பாலிப்ராப்பிலீனாக மாற்றிவிடுங்கள். பயாஸ் சப்ளையில் இருக்கும் செலினியம் ரெக்டிபயரைக் கழற்றி சிலிக்கன் டயோடு போடுங்கள். அது படுத்தால் நான்கு வால்வும் கூடவே படுக்கும், அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போகலாம். வால்வு கடையில் கிடைக்கும், அந்த டிரான்ஸ்பார்மர் கிடைக்காது. ஃபேஸ் ஸ்ப்ளிட்டரின் இரண்டு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை அளந்து, ஒன்றுக்கொன்று சரிசமமாகப் பொறுக்கிப் போடுங்கள். அங்கே பிராண்டு முக்கியமில்லை, சமம்தான் முக்கியம்.

ஃபில்டர் கெப்பாசிட்டர் விஷயத்தில் மட்டும் ஆசை வேண்டாம். "30 இருக்கிற இடத்துல 220 போட்டா ஹம்மே இருக்காதுல்ல?" என்று கேட்பார்கள். ஜி.இசட்.34-க்கு அடுத்து வரும் முதல் கெப்பாசிட்டருக்கு 60 மைக்ரோ ஃபாரட்தான் உச்ச வரம்பு. மீறினால் ஸ்விட்ச் போட்டவுடன் ரெக்டிபயருக்குள்ளேயே தீபாவளி.

இன்னொன்று. ஆப் செய்த பிறகும் உள்ளே 400 வோல்ட் காத்திருக்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவே கூடாது. அது 117 வோல்ட் செட்டு, நம்ம ஊர் 230-ல் நேராகச் சொருகினால் கதை முடிந்தது. வேலை முடிந்து முதல் முறை ஆன் செய்யும்போது சீரிஸ் லாம்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வால்வில் வித்தியாசமே இல்லையா? உண்டு. டிரைவர் வால்வைப் பென்சிலால் தட்டிப் பாருங்கள், ஸ்பீக்கரில் மணி அடித்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் பவர் வால்வை மாற்றுகிறவர் கூடவே பயாஸையும் புதிதாக வைக்கிறார். சவுண்டு மாறியது எதனால்? பெயரை வால்வு தட்டிக்கொண்டு போய்விடுகிறது!

என் செட்டில் இப்போது இருப்பவை சாதாரணப் புது வால்வுகள். கேட்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "முல்லார்டா?" என்கிறார்கள். கெப்பாசிட்டரைப் பற்றி இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.